மாம்பழத்தில் ஆண்டின் சுவை

ராஜபாளையம் வட்டாரத்து மாம்பழத்தை மதிப்பிட முற்படுவோர், அது எந்த ரகம் என்பதோடு, அந்த ஆண்டின் காப்பு எப்படி, பழம் எத்தனையாவது பறிப்பு என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். செட்டியார்பட்டியைச் சுற்றியும் சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகள் தட்டையான சப்பட்டைக்கும், தோலில் பல நிறச் சாயல் ஏறும் பஞ்சவர்ணத்துக்கும் பெயர்பெற்றவை. ஒட்டுக்கட்டிப் பெருக்கிய மரங்கள் மரபில் ஏறத்தாழ ஒன்றே ஆதலால், ஒரு தோப்பின் பழம் ஆண்டுக்கு ஆண்டு மாறிச் சுவைப்பதற்கு வானிலையும் மரம் தாங்கிய சுமையுமே பெரும்பாலும் காரணமாகின்றன.

ஆண்டைக் கொண்டு மதிப்பிடுவதற்கு ஒயின் ஓர் எடுத்துக்காட்டு. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் பினோ நுவார் என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து வடிக்கப்படும் சிவப்பு ஒயினில், தோட்டத்தின் பெயருக்கு நிகராக அறுவடை ஆண்டும் மதிக்கப்படுகிறது. அங்குள்ள போன் நகரின் அறுவடை நாள்கள் 1354 முதல் வரிசையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. கடும் வெப்பம் நிலவிய 2003இல் அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கியது. ஒயின் புட்டியில் பல்லாண்டுகள் இருந்து முதிர்வதால் பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் ஒரே மேசையில் ஒப்பிட முடிகிறது. மாம்பழத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. சென்ற ஆண்டின் சப்பட்டை சுவைத்தவரின் நினைவில் மட்டுமே இருப்பதால், மாம்பழத்தின் ஆண்டை மதிப்பிடும் கலை ஒயினை மதிப்பிடுவதினும் கடினமானது.

ஆண்டின் குணம் பழம் தோன்றுமுன்பே உருவாகத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை உரிய காலத்தில் ஓய்ந்து, வறண்ட நாள்களும் குளிர்ந்த இரவுகளும் தொடர்ந்தால் மரம் நன்கு பூவெடுக்கும்; மழை மார்கழி, தை வரை நீண்டாலோ பூவுக்கு மாறாகக் கொழுந்து தள்ளும், வந்த பூவையும் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் கெடுக்கும். ஓராண்டு நிறையக் காய்த்த மரம் மறு ஆண்டு ஓய்வெடுப்பதும் மாவின் இயல்பு. காப்புக் குறைந்த ஆண்டைச் சந்தை மோசமான ஆண்டு எனக் கொள்கிறது. சுவைப்போர் அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. சில காய்களுக்கே முழு இலைப்பரப்பின் உணவும் சேர்வதால், அத்தகைய ஆண்டில் பழம் பருத்து, இனிப்பும் மணமும் செறிந்து அமைவதுண்டு. மாறாக, கிளை தாழக் காய்த்த ஆண்டில் பறிப்பை ஒட்டிப் பெருங்கோடை மழையும் பெய்துவிட்டால், சாறு பெருகிச் சுவை நீர்த்துப்போகிறது.

ஆண்டைச் சுவைத்து மதிப்பிட முற்றிய காயே வேண்டும். முற்றிய காயில் காம்பைச் சுற்றிய தோள் மேலெழும்பியிருக்கும். நீரிலிட்டால் பெரும்பாலும் மூழ்கும். அப்படிப்பட்ட காயைக் காம்போடு பறித்து வைக்கோலில் பழுக்கவிட்டால் மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறுவதோடு மணமும் முழுமை பெறும். தடைசெய்யப்பட்ட கார்பைடு கல்லால் இளங்காயை மஞ்சளாக்கினால் தோலின் நிறம் மட்டுமே மிஞ்சும், அதைக் கொண்டு எந்த ஆண்டையும் மதிப்பிட இயலாது. குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடுமாதலால் பழம் அறை வெப்பத்தில் இருத்தல் வேண்டும். முதலில் காம்படியை முகர்ந்து, பின் கன்னம், நுனி, கொட்டையை ஒட்டிய சதை எனத் தனித்தனியே சுவைத்தல் நன்று. வெறும் இனிப்பு மட்டும் நிற்கும் பழத்தைவிட, இனிப்புக்குப் பின்னே மெல்லிய புளிப்பு எழுந்து, விழுங்கிய பின்னும் மணம் தொண்டையில் தங்கும் பழமே உயர்ந்தது. முதற்பறிப்பு விலையால் கவர்ந்தாலும், முற்றாத காய்கள் அதில் கலந்திருக்கக்கூடும். ஒரு தோப்பின் ஆண்டைத் தீர்மானிக்க நடுப்பருவப் பறிப்பே தகுந்தது, கடைசிப் பறிப்பில் பழ ஈயின் சேதம் மிகுந்துவிடுகிறது.