குறத்தி நடந்த மலை: திருக்குற்றாலக் குறவஞ்சியின் மலைவளப் பகுதியில் வழியறிவு

ஆய்வுச் சுருக்கம்

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் மலைவளப் பகுதி, உயர்வு நவிற்சி அணிக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் பயிற்றப்படுகிறது. அப்பகுதிக்குள் மலையேறி இறங்கிய ஒருத்தியின் வழியறிவு அடங்கியிருக்கிறது என்பதையும், அவள் சொல்லும் குறிக்கு அவ்வறிவே நம்பகம் தருகிறது என்பதையும் மலைபடுகடாத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறவஞ்சி, மலைவளம், மலைபடுகடாம், வழியறிவு, தேனருவி, வரையாடு, காணி

கீழிருந்து காணும் மலை

ராதாபுரம் வட்டாரத்திலிருந்து வரும் மாணவர்களுக்குக் குற்றாலக் குறவஞ்சியைக் கற்பிக்கும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அவர்களுக்கு மலை புதிதன்று. பணகுடிக்கு மேற்கே மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து அன்றாடம் கண்ணில் படுகிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பாலேயே பெரிதும் பொழிந்து தீர்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இப்பக்கம் வந்து சேர்வது காற்று. காற்றாலைகள் இங்கே நிறைந்திருப்பதற்கு அதுவே காரணம். கோதையாற்று நீரும் ராதாபுரம் கால்வாய் வழியாகவே குளங்களை அடைகிறது. அதே மலைத்தொடரின் வடபகுதியில், செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில், இங்கே செம்மண் பறக்கிறது. அருவி முற்றம்வரை முத்தைக் கொண்டுவந்து கொட்டுவதாகக் குறத்தி சொல்லும்போது, 'இது புலவரின் கற்பனை' என்று இம்மாணவர்கள் எளிதில் முடிவு செய்துவிடுகிறார்கள். பாடக் குறிப்பும் உயர்வு நவிற்சி என்ற ஒரு சொல்லால் அம்முடிவை உறுதிப்படுத்திவிடுகிறது.

அணியின் பெயர் தவறில்லை. அப்பெயரைச் சொன்னதும் வாசிப்பு நின்றுவிடுவதே குறை. மிகைப்படுத்தப்படும் பொருள் எங்கிருந்து வந்தது என்ற வினா அதன்பின் எழுவதேயில்லை.

இவ்வட்டாரத்தார் அனுமன் கடல் தாவிய மலையாகக் கருதுவது மகேந்திரகிரியையே. கம்பராமாயணத்தில் கிட்கிந்தா காண்டம் மயேந்திரப் படலத்தோடு முடிய, சுந்தர காண்டம் கடல் தாவு படலத்தோடு தொடங்குகிறது. அனுமன் ஊன்றிய பாதத்தின் அழுத்தத்தில் குகைகளிலிருந்து பாம்புகள் வெளிப்படுவதைக் கம்பர், மலையின் வயிறு கிழிந்து குடல் சரிவதாகக் காண்கிறார். அங்கே மலை என்பது தாவுவதற்கு ஊன்றும் பலகை. அதில் நடப்பவர் எவருமில்லை. வீரனின் மலைக்கு வழி தேவையில்லை. குறத்தியின் மலையை அதே கண்ணோடு படிப்பதால்தான் அவளுடைய வழி நமக்குத் தெரியாமற் போகிறது.

ஆற்றுப்படையின் வழி

தமிழில் மலைவழியை வழியாகவே பாடிய பெருநூல் மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிகளில், பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலையைக் கடக்கும் முறை சொல்லப்படுகிறது. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த கற்பொறி, பாம்பு ஒடுங்கிய குழி, யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் ஆகியவை வழியின் இடர்களாக எண்ணப்படுகின்றன. நுண்ணிய பாசி படர்ந்து அடி தளரும் இடத்தில் சிறுமூங்கிலையும் எருவைக் கோரையையும் பற்றிக்கொண்டு கடக்கவேண்டும். வழி கவர்க்கும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் இடவேண்டும் என்ற அறிவுரை குறிப்பிடத்தக்கது; அது பின்னால் வருபவனை நினைத்துச் சொல்லப்பட்டது. இவற்றையெல்லாம் இயற்கை வருணனை என்ற தலைப்பில் அடக்குவது பொருந்தாது. கால் எங்கே படவேண்டும், எங்கே படலாகாது என்பதே அப்பகுதியின் பொருள்.

குறவஞ்சியில் இத்திசை தலைகீழாகிறது. ஆற்றுப்படையில் சமவெளிக் கலைஞர் மலையேறிச் செல்கின்றனர். குறவஞ்சியில் மலைமகள் தெருவுக்கு இறங்கி வருகிறாள். குற்றாலக் குறவஞ்சி முழுவதும் தேடினாலும் ஊரிலிருந்து ஒருவரும் மலையேறுவதில்லை. வசந்தவல்லி பந்தாடுவது தெருவில். திரிகூடநாதர் உலா வருவது தெருவில். சிங்கியைத் தேடிச் சிங்கன் வருவதும் அதே ஊருக்கு. ஆகவே மலை மேடையில் தோன்றுவதே இல்லை. அதனைப் பற்றி நாம் அறிவதெல்லாம், வசந்தவல்லி வினவ, குறத்தி கூறும் சாட்சியம் மட்டுமே. குறத்தியின் சொல்லை நம்பலாமா என்பது வசந்தவல்லியின் முதற் கவலை. கையைப் பார்த்து வருங்காலத்தைச் சொல்லப்போகிறவள், அதற்கு முன் தன் மலையைச் சொல்லித் தன்னை நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வழுக்கும் தேர்க்கால்

குற்றாலத்தில் பேரருவிக்குக் கீழே நிற்பவர்க்கு, பொங்குமாங்கடலில் விழுந்து எழுந்து பாயும் நீரே முழுமையான அருவியாகத் தோன்றும். அதே சிற்றாறு மேலே செண்பகாதேவி அருவியாக விழுந்து தடாகமாகத் தேங்குகிறது. அதற்கும் மேலே தேனடைகள் தொங்கும் பாறையிலிருந்து தேனருவியாக விழுகிறது. ஒரு பகலில் ஏறி இறங்கக்கூடிய வழி அது. எனினும் இன்று வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால் விரும்பியபோது எவரும் ஏற இயலாது. கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தேனருவி தென்படுவதில்லை.

மலைவளத்தின் முதற்பாடலிலேயே கவிராயர் தேனருவியைக் கொண்டுவந்துவிடுகிறார். அதன் அலை எழும்பி வான்வழியே ஒழுகுவதால், கதிரவனின் குதிரைக் குளம்பும் தேர்ச்சக்கரமும் வழுக்குகின்றன என்கிறாள் குறத்தி. 'தேன்போன்ற அருவி' என்று பொதுப்பெயராகக் கொண்டு விரித்தாலும் பொருள் முரணாது. ஆயினும், தன் ஊரின் தலபுராணத்தையும் பாடிய ஒரு புலவர், அவ்வூரின் உச்சி அருவிக்கு வழங்கும் பெயரை அறியாமல் ஆண்டிருப்பார் என்று கொள்வது கடினம். இரண்டு பொருளும் நிற்க, இடப்பெயரே முன்நிற்கிறது என்பது என் கருத்து.

அதைவிட முதன்மையானது வழுக்குதல் என்ற வினை. அருவியின் உயரத்தை மிகைப்படுத்த வேண்டுமானால் அது வானைத் தொட்டது, கதிரவனை மறைத்தது என்றெல்லாம் சொல்ல மரபில் வாய்பாடுகள் பல உண்டு. அவற்றை விடுத்துக் கவிராயர் கால் வழுக்குவதைத் தேர்கிறார். நனைந்த பாறையில் ஏறியவருக்கு முதலில் நினைவில் நிற்பது அதுவே. மலைபடுகடாத்தின் கூத்தருக்குப் பாசியில் நேரும் இடர், இங்கே கதிரவனுக்கு நேர்கிறது. மிகை வானில் இருக்கிறது. அதன் வேர் ஏறுவழியின் பாறையில் இருக்கிறது.

இரண்டாம் பாடலில் காட்சி அடிவாரத்திற்கு இறங்குகிறது. அருவி முத்துகளைக் கழங்குபோல ஆடி முற்றமெங்கும் பரந்து, சிறுமியர் கட்டிய சிற்றிலை அழித்துக்கொண்டு ஓடுகிறது. இப்பாடலின் நடுவில் இலக்கணம் மாறுவதை ஆய்வாளர் கவனிக்கவேண்டும். அருவி, குரங்கு, மணம் எனப் படர்க்கையில் செல்லும் பாட்டு, கிழங்கு எடுப்பதையும் தேன் எடுப்பதையும் வளம் பாடி நடப்பதையும் யானைக் கொம்பால் தினை இடிப்பதையும் சொல்லுமிடத்தில் தன்மைப் பன்மை வினைமுற்றுக்கு வந்துவிடுகிறது. காட்சியாக நின்ற மலை இங்கே தொழிலிடமாகிறது. வகுப்பில் இச்சில அடிகளுக்கு நாம் செலவிடும் நேரம், வானரம் கனி கொடுக்கும் தொடக்கத்துக்குச் செலவிடுவதில் பாதியும் இராது.

காகம் அணுகாத இடம்

மூன்றாம் பாடலின் அடுக்குமுறை இக்கருத்துக்கு மேலும் வலுச்சேர்க்கிறது. பாம்பு ஈன்ற மணி வெயில் எறிப்பதும், திங்களைக் கவளமென்று எண்ணி யானை வழிமறிப்பதும் மரபான மிகைகள். அவற்றில் வழியறிவைத் தேடுவது வீண். அவற்றை அடுத்து வருபவை வேறு தன்மையன. முதலில் வேடுவர் தினை விதைக்கும் புனம், அங்கே கமழும் அகிலும் சந்தனமும், பிறகு காடு, காட்டில் குதிக்கும் வரையாடு, பிறகு காகம் அணுகாத மலை, அங்கே சாயும் மேகவரிசை. புனம், காடு, வரை, மேகம் என்று இவ்வரிசை மேல்நோக்கிச் செல்கிறது.

வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளியிலும் செங்குத்துப் பாறையிலும் வாழும் விலங்கு. தமிழ்நாட்டின் மாநில விலங்கான இதனைக் காக்க 2022இல் மாநில அரசு தனித் திட்டம் அறிவித்தது. சங்கப் பாடல்களில் வரும் வருடை இதுவே எனக் கருதுவோர் உளர். சோலைக்காட்டுக்கு மேல் மரம் குன்றி, புல் விரியும் உயரத்தில் அது மேய்கிறது. அங்கே சென்றவரே அதனை அண்மையில் காண்பர். காகத்தைப் பற்றிய தொடரோ, மலையின் உயரத்தைச் சொல்லும் மிகையாகவே வகுப்பறையில் விளக்கப்படுகிறது. காகம் மனிதக் குடியிருப்பை ஒட்டி வாழும் பறவை. ஊரும் வயலும் முடிந்த பின் ஊர்க்காகத்தைக் காண்பது அரிது. ஆகவே குறத்தி அளப்பது உயரத்தை மட்டுமன்று, ஊரிலிருந்து விலகிய தொலைவையும் அளக்கிறாள். மலையேறுபவர் உணரும் எல்லையும் இதுவே. ஒரு வளைவுக்குப் பின் ஊரின் ஓசை கேட்பதில்லை.

இது வழிகாட்டி நூல் என்று நான் வாதிடவில்லை. மலைவளம் கூறல் குறவஞ்சிக்கு உரிய உறுப்பு. மலையில்லாத தஞ்சையைக் களமாகக் கொண்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சி போன்ற நூல்களுக்கும் அம்மரபே அடிப்படை. மரபை மட்டும் கொண்டே ஒரு மலையை எழுப்பிவிடலாம் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் மரபு தரும் பொருள்களை எந்த வரிசையில் அடுக்குவது, எந்த வினையைத் தேர்வது என்பவை புலவர் கையில் உள்ளவை. மேலகரத்திலிருந்து அன்றாடம் திரிகூடமலையைக் கண்டவர் அவர். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்து இந்நூலின் சந்த இன்பத்தைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னார், அத்தொண்டு பெரிது. அவ்வழிவந்த ரசனை மரபு செவியைப் பழக்கிய அளவுக்குக் காலைப் பழக்கவில்லை என்பதே என் குறை.

காணியும் மேடும்

பாடல்தோறும் மலை 'எங்கள்' மலையாகவே முடிகிறது. பிறிதொரு பாடலில் உறவுமுறையால் மலைகள் பங்கிடப்படுகின்றன. கொல்லிமலை தங்கை செல்லிக்கு, பழனி கணவனுக்கு, விந்தம் தந்தைக்கு, இமயம் தமையனுக்கு, சுவாமிமலை மாமிக்கு, நாஞ்சில் நாட்டு வேள்விமலை தோழிக்கு. கணவன் மலையைச் சொல்லும்போது குறத்தி ஆளும் சொல் காணி. அது வழிவழி நிலவுரிமையைக் குறிக்கும் சொல். நகைச்சுவைக்காக அடுக்கியதுபோல் தோன்றும் இப்பட்டியல், நடந்தும் மணந்தும் பெற்ற உரிமையின் கணக்கு.

இந்நூலைப் பாடியதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் அளித்தார். அது குறவஞ்சி மேடு என வழங்கப்படுகிறது. அடிவாரத்து நன்செய்க்குப் பட்டயம் கிடைத்தது. குறத்தியின் காணி பாட்டில் மட்டும் நின்றது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காப்புக்காடுகளாக்கப்பட்ட மலைகளில், கிழங்கும் தேனும் எடுத்து நடத்தல் அனுமதிக்குரிய செயலாயிற்று. குறத்தி தன்மைப் பன்மையில் சொன்ன வினைகள் அவையே. இவ்வேறுபாட்டை மாணவர்க்குச் சொல்லாமல் மலைவளத்தை அணியிலக்கணத்தோடு முடிப்பது, பாட்டின் ஒரு தரப்பை மட்டும் கேட்பதாகும்.

சிங்கன் கண்ட விரியன்

நூலின் இறுதியில் சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் உரையாடல், கானவனின் பேதைமையைக் காட்டும் நகைச்சுவையாகவே விளக்கப்படுகிறது. அதில் சிங்கனின் முதல் வினா, இத்தனை நாளும் எங்கே நடந்தாய் என்பது. வியப்பையும் அச்சத்தையும் சொன்னபின், அவன் கண் அவளுடைய காலுக்குச் செல்கிறது. அங்கே சுருண்டு கிடப்பதைப் பெரிய விரியன் என்று அஞ்சுகிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு அது என்கிறாள் அவள். அடுத்தடுத்துத் தவளை, பூச்சி எனக் காலிலிருந்தே அவன் ஐயங்கள் தொடர்கின்றன.

அணிகலனை அறியாதவன் என்று சிங்கனை நகைக்கலாம். ஆனால் பல நாள் பிரிந்த மனைவியின் முகத்தை விட்டு அவள் அடியை முதலில் நோக்குபவன், பாம்பு ஒடுங்கிய குழிகளைக் கடந்து பழகியவன். மலைபடுகடாம் கூத்தருக்குச் சொன்ன எச்சரிக்கை இவனுக்குப் பார்வைப் பழக்கமாகிவிட்டது. காலில் விரியனைக் கண்டு அஞ்சும் அந்த நொடியில், மேடைக்கு வராத மலை குற்றாலத் தெருவுக்கு வந்துவிடுகிறது.