மைக் பழக்கிய நடிகர்கள்

தமிழ் நடிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் முகத்தை எழுதித் தீர்த்துவிட்டார்கள். குரல் என்று வந்தால் சிவாஜியின் கர்ஜனையோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் மேடை, வானொலி, திரை, டப்பிங் என்று மாறிமாறி வேலை பார்த்தவர்களை வரிசையாகக் கவனித்தால், நம் நடிப்பு மாறிய கதையே தொண்டைக்குள்தான் நடந்திருக்கிறது.

மைக் இல்லாத காலத்துக் கொட்டகையில் கோடியில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் வசனம் விழவேண்டும். டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம் கம்பெனிகளில் அதுவே முதல் பாடம். பேசும் படம் வந்த பிறகும் அந்த உரத்த குரல் உடன் வந்தது. அதை வைத்தே விளையாடியவர் எம்.ஆர். ராதா. மேடையில் வெற்றி பெற்று 1954-இல் படமான 'ரத்தக்கண்ணீர்' முழுக்க, ஒரே வாக்கியத்துக்குள் கட்டைக் குரலில் தொடங்கிக் கீச்சென்று ஏறி முடிப்பார். கூத்தின் அளவு அது, திரைக்குப் பெரிதுதான். ஆனால் இன்றும் அலுக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான பள்ளிக்கூடம் வானொலி. அங்கே கேட்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், கத்தினால் எழுந்து போய்விடுவார். அந்தப் பள்ளியின் தலைமாணாக்கர் என்று பூர்ணம் விஸ்வநாதனைச் சொல்வேன். 1945-இல் தில்லி அகில இந்திய வானொலியில் சேர்ந்தவர். நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்தவர். செய்தி வாசிப்பவர் அழுதுவிடக் கூடாது, துள்ளவும் கூடாது. அந்தக் கட்டுப்பாடு அவரை விட்டுப் போகவே இல்லை.

சுஜாதாவின் நாடகங்களுக்கு அவர் இவ்வளவு பொருந்தியது இதனால்தான் என்று நினைக்கிறேன். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் ஓய்வுபெற்ற சீனிவாசனிடம் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து சேர்கிறான். வீட்டில் வேறு யார் கண்ணுக்கும் அவன் தெரிவதில்லை. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குடும்பமே முடிவு கட்டுகிறது. இந்தப் பாத்திரத்தைக் கோமாளியாக்குவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். பிறர் கண்ணுக்குப் படாத ஆளிடம் சர்வசாதாரணமாகப் பேசுவதுதான் கஷ்டம். நேயர் முகம் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகியவருக்கு அது கைவந்த வேலை.

திரையில் அவருக்கு அப்பா, தாத்தா வேஷங்களே திரும்பத் திரும்ப வந்தன. 'வறுமையின் நிறம் சிவப்பு', 'வருஷம் 16', 'கேளடி கண்மணி' எல்லாம் அந்த ரகம். தமிழ் சினிமா அவரைச் சோம்பேறித்தனமாகவே பயன்படுத்தியது என்பது என் கட்சி. விதிவிலக்கு 'மகாநதி'. சிறைக்குள் கமலுக்குத் துணையாக நிற்கும் பஞ்சாபகேசனின் குரல் உயராததே அந்தக் கொடுமைகளுக்கு நடுவே ஆறுதல்.



டப்பிங் தியேட்டர் மூன்றாவது பள்ளி, மூன்றிலும் கடுமையானது. முகம் இன்னொருவருடையது, மூச்சு விடும் இடம்கூட அவர் உதடு தீர்மானித்தது. எம்.எஸ். பாஸ்கர் அங்கே தேறியவர். மேடை, சின்னத்திரை, சினிமா என எல்லா வாசலிலும் நுழைந்து வந்தவர். 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா'வின் பட்டாபி முழுக்கக் குரலால் செய்த ஆள். 'மொழி' (2007) படத்தில் மகனை இழந்து 1984-லேயே நின்றுபோன பேராசிரியராக, பழைய செய்திகளை அன்று காலைப் பத்திரிகையில் படித்தவர்போல் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். மகன் இல்லை என்பது உறைக்கும்போது அந்த உற்சாகக் குரல்தான் முதலில் உடையும், முகம் பிறகுதான். 'பார்க்கிங்' படத்தில் வறட்டுக் கௌரவம் பிடித்த அரசு ஊழியராக நடித்ததற்கு 2025-இல் துணை நடிகருக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. அவர் ஆண்டுக்கணக்கில் செய்த டப்பிங்குக்குத் தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் இடம் உண்டு. தேசிய விருதில் அப்படியொரு பிரிவே கிடையாது.