நெற்றியில் எழுதியதும் நெஞ்சில் எழுதியதும்

சிங்கப்பூர் புனித அந்திரேயா பேராலயத்தின் உட்சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் நார் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். 1856இல் அடிக்கல் நாட்டி 1862இல் அர்ப்பணித்த அந்த ஆலயத்தைக் கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். இன்று பூக்கடையும் நகைக்கடையுமாக லிட்டில் இந்தியாவை ஊடறுத்துச் செல்லும் செராங்கூன் சாலையில் அரசாங்கச் செங்கல் சூளை இருந்தது. அங்கேயும் மண் பிசைந்தவர்கள் அவர்கள்தாம்.

நெற்றியில் எழுத்தோடு வந்திறங்கியவர்களும் அந்தக் கைதிகளில் உண்டு. ஆயுள் தண்டனை பெற்றவரின் குற்றத்தை நெற்றியில் பச்சை குத்தி அனுப்பும் வழக்கத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1849இல்தான் கைவிட்டது. பச்சை குத்தப்பட்டவருக்கு விடுதலை கிடைத்தாலும், வேலை கிடைத்தாலும், அந்த எழுத்து போகாது. தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்த நெற்றிகளை நினைத்துக்கொண்டு எரேமியா 31ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போது என் கண் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பழைய உடன்படிக்கை கல்லில் இருந்தது. மக்கள் அதை மீறினார்கள். மீறியவர்கள் மேல் குறி போடாமல், அவர்கள் உள்ளத்திலேயே தம் கட்டளையை எழுதப்போவதாகக் கடவுள் சொல்கிறார். அதோடு, அவர்கள் பாவங்களை நினைவிலேயே வைக்கப்போவதில்லை என்றும் வாக்குக் கொடுக்கிறார். மன்னிப்பதோடு நிறுத்தியிருக்கலாம். எதையும் மறக்க முடியாதவர் மறப்பதற்குத் தம்மைக் கட்டிப்போட்டுக்கொள்வதில் எத்தனை கனிவு!

வெளியிலிருந்து உள்ளே போகும் இந்த நகர்வுதான் புதிய உடன்படிக்கையின் அழகு என்பேன். யாத்திராகமம் 24இல் மோசே காளைகளின் இரத்தத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறார். ஒரு பாதி பலிபீடத்தின் மேல். மறுபாதி மக்கள் மேல். இரு தரப்பையும் ஒரே இரத்தம் இணைக்கிறது. ஆனாலும் அது மேலேதான் விழுகிறது, தோலில் காய்ந்துபோகிறது. உயிர் இரத்தத்தில் இருப்பதால் அதை உட்கொள்ளவே கூடாது என்று லேவியராகமம் 17 கண்டிப்பாகத் தடுக்கிறது. இந்தத் தடையிலேயே வளர்ந்தவர்கள்தாம் எருசலேமின் மேல்மாடி அறையில் பஸ்கா உணவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். இயேசு கிண்ணத்தை எடுத்து, இது தம் இரத்தத்தால் ஆகும் புதிய உடன்படிக்கை என்கிறார். அதைக் குடிக்கத் தருகிறார். தெளிக்கவில்லை. எந்த உயிரைத் தொடக்கூடாது என்று காத்துவைத்தார்களோ, அந்த உயிரே உள்ளே இறங்க வேண்டும் என்கிறார். அந்தப் பன்னிருவரின் தொண்டை ஒரு கணம் அடைத்திருக்காதா?

எபிரெயர் நிருபத்தை எழுதியவர் இன்னும் நுட்பமானவர். காளை, ஆட்டின் இரத்தம் பாவத்தைப் போக்க முடியாது என்று வாதாடிக்கொண்டே வந்து, குருக்கள் நின்றபடி நாள்தோறும் பலியிடுவதைக் காட்டுகிறார். ஆசரிப்புக் கூடாரத்துக் கருவிகளைப் பட்டியலிடும் பகுதியில் குத்துவிளக்கு உண்டு, மேசை உண்டு. குருவுக்கு ஓர் இருக்கை இல்லை. முடியாத வேலை அது. கிறிஸ்துவோ ஒரே பலி கொடுத்துவிட்டு உட்கார்ந்தார் என்கிறார். ‘உட்கார்ந்தார்’ என்ற வினையில் ஒரு முழு இறையியலே அடங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்து, அதனாலேயே பெயர் பெற்ற லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலை வழியே நடக்கும்போது எனக்கு நிருபத்தின் இந்தப் பகுதிதான் நினைவுக்கு வரும்.

தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பி 1888இல் திறந்த ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம் அங்கிருந்து நடந்துபோகும் தூரம். அங்கே திருப்பலியில் குருவானவர் கிண்ணத்து இரசத்தில் சிறிது தண்ணீர் சேர்ப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் மனிதருக்கு அடையாளம். ஒருமுறை கலந்துவிட்டால் எவராலும் அதைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. ஷார்ட் ஸ்டிரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையார் திருவிருந்தை வேறு விதமாக விளக்குவார்கள். கல்வாரியின் அதே பலி பீடத்தில் நம்முன் நிகழ்கிறது என்பார் கத்தோலிக்கர். முடிந்துவிட்ட பலியை நினைவுகூர்ந்து பந்தியில் அமர்கிறோம் என்பார் மற்றவர். பலி ஒரே தரம்தான் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

லூக்கா அமைத்திருக்கும் வரிசையும் சாதாரணமானதல்ல. உடன்படிக்கையின் கிண்ணத்தைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே, காட்டிக்கொடுப்பவனின் கையும் இதே மேசையில் இருக்கிறது என்கிறார் இயேசு. கை கழுவிவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் பரிமாறிய பந்தி அல்ல அது. சற்று நேரத்தில் பேதுருவுக்கும், சேவல் கூவுமுன் அவர் இயேசுவை மறுதலிக்கப்போவது சொல்லப்படுகிறது.

மறுநாள் பிலாத்து ஒரு பலகை எழுதுகிறான். அதை இயேசுவின் தலைக்கு மேலே வைத்தார்கள் என்று மத்தேயு இடத்தையும் குறித்துச் சொல்கிறார். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழிகளில் இருந்ததாக யோவான் சேர்க்கிறார். போகிற வருகிற எவரும் படிக்கலாம். குற்றமே செய்யாதவருக்கு, நெற்றிக்குச் சற்று மேலே, குற்ற எழுத்து. அவருக்கு இருபுறமும் தொங்கியவர்கள் உண்மையிலேயே குற்றவாளிகள். அவர்களில் ஒருவன், எங்களுக்குக் கிடைத்தது நியாயமான தண்டனைதான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு, அன்றே அவரோடு பரதீசுக்குப் போகும் வாக்கைப் பெறுகிறான். அவன் தலைக்கு மேலே ஒரு பலகை இருந்ததாக நான்கு நற்செய்திகளில் எதுவும் சொல்லவில்லை.