கண்ணாடிக்குப் பின்னே பொன்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்காய்ப் பக்க ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணாடி என்றால் மரத்துப் பாலைப் பிடிக்கும் மங்கு நினைவுக்கு வரும். எனக்குப் பாட்டியின் சாமிமேடையும் வரும். அங்கே ஒரு தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் இருந்தது. வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன், கழுத்துச் சரத்தில் பொன்ரேக்கு.

அந்தப் பொன்னைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விக்டோரியா காலத்து அமெரிக்கக் கண்ணாடிகள் அந்நியமாகத் தெரியவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டில் இருந்தது மவுண்ட் வாஷிங்டன் கண்ணாடிக் கம்பெனி. அதன் நிர்வாகி ஃபிரடெரிக் ஷெர்லி 1885 டிசம்பரில் ஒரு கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். பெயர் ‘பர்மீஸ்’. முந்தைய மாதம்தான் பர்மாவின் தலைநகர் மண்டலே ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. கலவையில் பொன்னும் யுரேனியமும் உண்டு. அடிப்பகுதி எலுமிச்சை மஞ்சள். மறுபடி சூடு காட்டிய விளிம்பு ரோசா நிறம். 1890களில் வந்த ‘கிரவுன் மிலானோ’, ‘ராயல் ஃப்ளெமிஷ்’ சாடிகளில் எனாமலும் தங்கப்பூச்சும் ஆட்சி செய்தன. பின்னதில் புடைத்த தங்கக் கோடுகள் தேவாலயச் சன்னல்போல் நிறங்களைப் பிரித்து நிற்கும்.

எனாமல் என்பது நிறமேற்றிப் பொடித்த கண்ணாடி. குழைத்துத் தீட்டிச் சூளையில் வைத்தால் உருகிச் சாடியோடு ஒன்றாகிவிடும். சூடு மிஞ்சினால் சாடியே தொய்ந்துபோகும். அந்த அளவறிந்த கைகளை நான் வணங்குகிறேன்.

தஞ்சாவூர்க்காரர் கைத்திறம் வேறு வழியில் போனது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீன ஓவியர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்த முறை இது. கண்ணாடியின் பின்பக்கம் தீட்ட வேண்டும். மரப்பலகையில் தீட்டும் தஞ்சை ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியும் நகைக்கோடும் இங்கே முதலில் விழும். அப்புறம் மேனி, ஆடை, கடைசியில் பின்னணி. இடம் வலமாகும். கண்மணி பிசகினால் மேலே பூசி மறைக்க வழியில்லை. தஞ்சை ஓவியம் பற்றி 1980இல் நூல் எழுதிய ஜெயா அப்பாசாமி கண்ணாடிப் படங்களைத் தனியாகவும் ஆராய்ந்தார். அப்படியும் பலகைப் படத்தின் மலிவான பதிலி என்றே பலர் இவற்றை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இவற்றுக்குச் சூளை கிடையாது. பசையில் குழைத்த நிறம் வழவழப்பான கண்ணாடியை மேலோட்டமாகத்தான் பற்றியிருக்கும். பேராக்கின் ஈரத்தில் அந்தப் பிடி தளர்ந்து, நிறம் செதில் செதிலாக உதிரும். வீட்டில் இப்படம் இருப்பவர்கள் ஈரச்சுவரில் மாட்ட வேண்டாம். சட்டத்தைக் கழற்றவே வேண்டாம்.

ஒரு தீபாவளிக்குப் பாட்டியின் படத்தைப் பெரியம்மா சட்டத்திலிருந்து கழற்றினார். பின்பக்கத்தில் அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைத்தார். இன்று படம் ஈப்போவில் என்னிடம் இருக்கிறது. கிருஷ்ணனின் கன்னத்தில் பின்னால் வைத்த அட்டையின் பழுப்பு தெரிகிறது. கழுத்துச் சரம் மட்டும் விளக்கேற்றும்போது இன்னும் மின்னுகிறது.