இதமான கதைகளின் செலவுக் கணக்கு

‘சும்மா’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘என்ன படிச்சிட்டிருக்கே?’ என்று யாராவது கேட்கும்போது கையில் தஸ்தயெவ்ஸ்கி இருந்தால் பெயரைச் சொல்வோம். மாங்கா இருந்தால் ‘சும்மா, ஒரு மாங்கா’ என்போம். அதிலும் எல்ஃபோ டிராகனோ வந்து, முடித்ததும் மனசு லேசாகிற கதையாக இருந்துவிட்டால் இரண்டு சும்மா போடுவோம். துக்கமான புத்தகத்துக்கு இந்த முன்னொட்டு தேவைப்படுவதே இல்லை. துக்கம் என்றால் இலக்கியம், இதம் என்றால் பொழுதுபோக்கு என்று ஓர் அட்டவணை நம் தலையில் எப்படியோ ஏறியிருக்கிறது.

இந்த வகைக் கதைகளை விடாமல் படிக்கிற ஆள் நான். பகலெல்லாம் யாரோ எழுதிய பழைய கோடில் பிழை தேடிவிட்டு, ராத்திரி இவற்றில்தான் போய் விழுகிறேன். ஆனால் ‘எனக்குப் பிடிச்சிருக்கு, விடுங்க’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது இந்தக் கதைகளுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. இதமான கதைகளுக்குள்ளும் நல்லது உண்டு, சுமார் உண்டு, ஏமாற்றும் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்க என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் கதை எனக்குத் தருகிற இதத்துக்கு, கதைக்குள் யார் செலவழித்தார்கள்?

இந்தக் கேள்வியோடு நான்கு படைப்புகளைப் பார்க்கலாம். கதை முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்பாய்லர் ஒத்துக்கொள்ளாதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

இரண்டு காபிக்கடைகள்

டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ 2022-இல் வந்தது. பால்ட்ரீ ஆடியோ புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவர். முதலில் தானே வெளியிட்டார், பிறகு டோர் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. ‘கோஸி ஃபேன்டஸி’ என்ற பெயர் இன்று இவ்வளவு புழங்குவதற்கு இந்த நாவலும் ஒரு காரணம். விவ் என்கிற ஓர்க் பெண், கூலிக்கு வாள் வீசும் தொழிலை விட்டுவிட்டு, காபி என்றால் என்னவென்றே தெரியாத தூன் என்ற ஊரில் காபிக்கடை போடுகிறாள். கடையைச் சீரமைக்க கால் என்ற தச்சர், கூடமாட நிற்க டாண்ட்ரி, இலவங்கப்பட்டை ரோல் செய்ய எலி உருவம் கொண்ட திம்பிள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். மாமூல் கேட்கிற உள்ளூர் தாதாகூட கடைசியில் வாராவாரம் பலகாரம் வாங்கிக்கொண்டு சமாதானமாகிறார்.

முதல் பாதி அருமையாக இருக்கும். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கடை எழுவதைப் பார்க்கிற சந்தோஷம், புது மென்பொருளுக்கு முதல் பத்துப் பயனர்கள் வந்து சேர்கிற சந்தோஷம் மாதிரி. பிற்பகுதியில் விவ்வின் பழைய கூட்டாளி கடைக்குத் தீ வைக்கிறான். எல்லாம் போயிற்று. ஆனால் சில அத்தியாயங்களுக்குள் நண்பர்கள் கூடுகிறார்கள், ஆளுக்கொரு உதவி செய்கிறார்கள், கடை மறுபடியும் எழுந்துவிடுகிறது. எனக்குக் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் மூடி வைத்த பிறகு யோசித்தால், அந்தத் தீ யாரிடமிருந்தும் திரும்பக் கிடைக்காத எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நட்பு எவ்வளவு பெரியது என்று காட்ட வந்த தீ, வேலை முடிந்ததும் போய்விட்டது.

இன்னொரு காபிக்கடை ஜப்பானில் இருக்கிறது. ஹிதோஷி அஷினானோவின் ‘யோகோஹாமா கைதாஷி கிகோ’, ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் 1994 முதல் 2006 வரை தொடராக வந்து 14 தொகுதிகளாக முடிந்த மாங்கா. கடல் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. மனித இனம் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வருகிறது. ஏன் என்று கதை விளக்குவதில்லை. யோகோஹாமாவுக்குத் தெற்கே ஒரு மேட்டில், எங்கோ போய்விட்ட முதலாளிக்காகக் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஆல்ஃபா. அவள் ரோபோ. வாடிக்கையாளர் வந்தால் காபி போடுவாள். பல நாள் யாரும் வர மாட்டார்கள். காபிக்கொட்டை தீர்ந்தால் ஸ்கூட்டரில் யோகோஹாமா போய் வாங்கி வருவாள். பல அத்தியாயங்களில் இவ்வளவுதான் நடக்கும்.

இந்தக் கடையும் ஒரு நாள் போகிறது, புயலில். தீ வைத்த வில்லன் கிடையாது, திரண்டு வந்து கட்டிக்கொடுக்க ஊரில் ஆளும் கிடையாது. ஆல்ஃபா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். சுமார் ஒரு வருடம் அங்கங்கே வேலை பார்த்து, ஊர் பார்த்து, திரும்பி வருகிறாள். கடை பிறகு எழுகிறது. ஆனால் அதற்குள் பக்கத்து வீட்டுப் பொடியன் தகாஹிரோ கொஞ்சம் வளர்ந்துவிட்டான். இன்னும் வளர்ந்து ஒரு நாள் ஊரை விட்டே போகப்போகிறான். ஆல்ஃபாவுக்கு வயது ஏறாது. அவளுடைய மெதுவான நாட்கள் நமக்குத் தருகிற அமைதியின் விலை இதுதான்: அவள் காபி போட்டுக் கொடுக்கிற ஒவ்வொருவரும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வகைக்கு ஜப்பானியர்கள் ‘இயாஷிகேய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆற்றுகிற வகை என்று சொல்லலாம். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம், மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் ‘இயாஷி’ என்ற சொல் அங்கே எல்லா இடத்திலும் பரவியது. ஆற்றுவது என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு புண் இருக்கிறது. அதை மறந்துவிட்டுச் செய்கிற இதம் வெறும் சர்க்கரை.

ஒரு சாவிலிருந்து எண்ணத் தொடங்கும் காலம்

கணினிகளில் ‘யூனிக்ஸ் நேரம்’ என்று ஒன்று உண்டு. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை வினாடிகள் கடந்தன என்று எண்ணுவதுதான் அதன் கணக்கு. எந்தக் காலக்கணக்குக்கும் இப்படி ஒரு பூஜ்யம் வேண்டும். கனேஹிதோ யமாடா எழுதி த்ஸுகாஸா அபே வரைகிற ‘ஸோஸோ நோ ஃப்ரீரென்’ மாங்காவில் அந்தப் பூஜ்யம் ஒரு மனிதனின் சாவு. ‘வீரன் ஹிம்மெல் இறந்து இத்தனை ஆண்டுகள்’ என்றுதான் அதில் காலம் குறிக்கப்படுகிறது. 28 ஆண்டுகள், 29 ஆண்டுகள் என்று எண் ஏறிக்கொண்டே போகும். கதைக்குள் யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. பக்கத்தின் ஓரத்தில் அது பாட்டுக்கு இருக்கும்.

2020-இல் ‘ஷோனென் சண்டே’ வார இதழில் தொடங்கிய தொடர் இது. 2023-இல் மேட்ஹவுஸ் அனிமேவாக எடுத்த பிறகு உலகமே பார்த்துவிட்டது. ஆனாலும் முதல் அத்தியாயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. வீரன் ஹிம்மெல், பூசாரி ஹைட்டர், குள்ளர் இனத்து ஐஸன், எல்ஃப் மந்திரவாதி ஃப்ரீரென் ஆகிய நால்வரும் பத்து வருடம் பயணம் செய்து அரக்கர் அரசனை வென்று திரும்புகிறார்கள். மற்ற கதைகள் முடிகிற இடத்தில் இது ஆரம்பிக்கிறது. அன்றிரவு எரிகல் மழை. 50 வருடத்துக்கு ஒரு முறை வருவது. அடுத்த தடவை இன்னும் நல்ல இடத்திலிருந்து காட்டுகிறேன் என்று, அடுத்த வாரம் பார்ப்போம் என்கிற தொனியில், ஃப்ரீரென் சொல்லிவிட்டுப் போகிறாள். ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்தவளுக்கு ஐம்பது வருடம் அவ்வளவுதான். சொன்ன மாதிரியே வருகிறாள். ஹிம்மெல் கிழவனாகிவிட்டான். எரிகல் மழை பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் அவன் இறந்துபோகிறான். அடக்கத்தின்போதுதான், பத்து வருடம் கூட இருந்தும் இவனைத் தெரிந்துகொள்ள முயலவே இல்லையே என்று அவள் உடைகிறாள்.

இதற்குப் பிறகு வருகிற இதம் எல்லாம் இந்தக் கடனில் வட்டி கட்டுவதுதான். ஃப்ரீரென் ஊர் ஊராகப் போய் உதவாத மந்திரங்களாகச் சேகரிக்கிறாள். இனிப்புத் திராட்சையைப் புளிப்பாக்கும் மந்திரம், பூந்தோட்டம் வரவழைக்கும் மந்திரம். ஐஸனுக்குப் புளிப்புத் திராட்சை பிடிக்கும். பூந்தோட்டம் ஹிம்மெலுக்குப் பிடித்தது. ஒரு ஊரில் ஹிம்மெலின் சிலையைச் சுற்றி நட, அவன் சொந்த ஊரின் நீலப்பூ ஒன்றைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறாள். கூட வரும் சிறுமி ஃபெர்னுக்கு இந்தப் பிடிவாதம் புரிவதில்லை. அந்த ஃபெர்னே ஒரு கடன்தான். போரில் அநாதையாகி மலை விளிம்பில் நின்ற அவளை ஹைட்டர் காப்பாற்றி வளர்த்தார். ஹிம்மெல் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பான் என்பதே அவர் சொல்லும் காரணம். செத்தவன் ஒருவன் உயிரோடிருப்பவர்களின் பழக்கவழக்கமாக மாறிப்போவதை இவ்வளவு சாதாரணமாக எழுதியவர்கள் குறைவு.

அரக்கர் கணக்கில் எழுதப்பட்டது

இவ்வளவு பிடித்த படைப்பு என்பதால்தான் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைப்பில் இருக்கும் ‘ஸோஸோ’ என்ற சொல்லுக்கு இறந்தவர்களை வழியனுப்புதல் என்று பொருள். கதைக்குள் அரக்கர்கள் ஃப்ரீரெனுக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான். அவர்களை அதிகம் புதைத்தவள் அவள். துக்கம், கொலை இரண்டுக்கும் ஒரே சொல்.

ஆரம்ப அத்தியாயங்களில் ஒரு அரக்கக் குழந்தை வரும். ஃப்ரீரென் கொல்லப்போகும்போது ‘அம்மா’ என்று கூப்பிடும். ஹிம்மெல் தடுத்துவிடுவான். ஊர்த்தலைவர் வீட்டில் வளர்ப்பார். ஒரு நாள் அது அவரையே கொன்றுவிடும். அம்மா என்றால் அதற்கு ஒன்றும் கிடையாது, அந்தச் சொல்லைச் சொன்னால் மனிதர்கள் கையை ஓங்க மாட்டார்கள், அவ்வளவுதான். அரக்கர்களுக்கு மொழி என்பது இரை பிடிக்கும் கருவி. திகிலான, புத்திசாலித்தனமான கற்பனை. கருணைக்குக்கூடத் தோல்வி உண்டு என்று சொல்ல ஓர் இதமான கதை துணிவதே பெரிய விஷயம்.

ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. ஒரு முழு இனத்துக்கும் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆசிரியர் தீர்ப்பு எழுதிவிட்டால், அவர்களைக் கொல்வதற்கு மனசாட்சியில் செலவே கிடையாது. ஹிம்மெலின் சாவிலிருந்து வருடம் எண்ணுகிற கதை, அரக்கர்களின் சாவை எண்ணிக்கையாகக்கூட வைத்துக்கொள்வதில்லை. பின்னால் மாஹ்ட் என்ற அரக்கன் வருகிறான். குற்றவுணர்வு என்றால் என்ன என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளத் துடிக்கிறவன். ஒரு மனிதப் பிரபுவிடம் வேலைக்கிருந்து, அவரோடு பழகி, கடைசியில் அந்த நகரத்தையே பொன்னாக்கிவிட்டும் அவனால் அதை உணர முடிவதில்லை. அந்தப் பகுதி தொடரின் உச்சங்களில் ஒன்று. யமாடாவுக்கு இந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் விதியை எழுதியவரும் அவர்தான், அவனைத் தோற்கடித்தவரும் அவர்தான்.

அரக்கர் என்ற சொல்லைக் கேட்டால் நம் காது கொஞ்சம் விடைக்கும். இராவணனை நாயகனாக்கி 1946-லேயே ‘இராவண காவியம்’ வந்த மொழி இது. யாரை அரக்கர் என்கிறீர்கள், சொல்வது யார் என்று கேட்பது நமக்குப் பழக்கம். ஃப்ரீரெனைப் படிக்கும்போது அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்கத் தேவையில்லை. அழுதுகொண்டே கேட்கலாம்.

நாம் என்று சொல்லும் அரசன்

கேதரின் அடிசனின் ‘தி காப்ளின் எம்பரர்’ (2014) இதே சிக்கலை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடுகிறது. காப்ளின் என்றால் ஆங்கிலக் கதைகளில் வழக்கமாக வெட்டுப்பட மட்டுமே வருகிற இனம். இதில் பாதி எல்ஃப், பாதி காப்ளினாகப் பிறந்த மாயாதான் நாயகன். வயது 18. அப்பாவுக்குப் பிடிக்காத பிள்ளை, கொடுமைக்கார உறவினர் ஒருவரிடம் ஒதுக்குப்புறத்தில் வளர்ந்தவன். ஒரு வான்கப்பல் வெடித்து அப்பாவும் அண்ணன்கள் மூவரும் ஒரே நாளில் இறந்துவிட, இவன் பேரரசன் ஆகிறான்.

நாவலில் போர் கிடையாது. சபை, விருந்து, மனுக்கள், யார் யாருக்கு முன்னால் வணங்க வேண்டும் என்ற குழப்பம். இங்கே மாயா செய்கிற ஒரு காரியம் எனக்கு மறக்காது. அரச குடும்பத்துக்குப் பெரிய சடங்கு நடக்கிறது. அதே வெடிப்பில் இறந்த கப்பல் பணியாளர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களுடைய ஈமச்சடங்குக்கு அரசன் நேரில் போகிறான். யாரை எண்ணுவது, யாரை விட்டுவிடுவது என்று அரண்மனை போட்டு வைத்த கணக்கைத் திருத்துகிறான்.

இன்னொன்று, தன்னை வதைத்த உறவினரை என்ன செய்வது என்ற இடம். இப்போது அதிகாரம் முழுக்க இவன் கையில். பழிவாங்க மறுக்கிறான். அதற்காகக் கட்டிப்பிடித்து மன்னிக்கவும் இல்லை. ஒரு வேலை கொடுத்து, இனி கண்ணில் படாத தூரத்தில் வைக்கிறான். இதமான கதைகள் பெரும்பாலும் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு முடிக்க ஆசைப்படும். நல்லவனாக இருப்பதற்கு அந்த மேசை கட்டாயமில்லை என்று தெரிந்த நாவல் இது.

அரசன் பொதுவில் ‘நாம்’ என்றுதான் பேச வேண்டும். ‘நான்’ என்பது நெருங்கியவர்களுக்கு மட்டும். யாருமில்லாத அவனுக்கு அந்த நானைச் சொல்ல ஆளே இல்லை. மெய்க்காவலரிடம் நட்பாக நெருங்கப் பார்க்கும்போது, நாங்கள் உங்களுக்கு நண்பர்களாக இருக்க முடியாது என்று பதில் வருகிறது. அவர்கள் கெட்டவர்கள் கிடையாது. அந்தப் பதவி அப்படி. நாவலின் கடைசியில் கிடைக்கிற கொஞ்சம் சூடு, இந்த மறுப்பைத் தாண்டி மெதுவாக, விலை கொடுத்து வந்து சேர்வது. ‘நாம்’, ‘நான்’ வித்தியாசம் புரிந்த தமிழில் இந்த நாவல் அழகாக வரும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு நப்பாசை.

இந்த நான்கையும் நான் சிபாரிசு செய்வேன், விவ்வின் காபிக்கடை உட்பட. காய்ச்சலில் படுத்திருக்கும் நாளுக்கு அதுவே சரியான மருந்து. ஆனால் யாருக்காவது ‘யோகோஹாமா’வையோ ‘காப்ளின் எம்பர’ரையோ கொடுக்கும்போது முன்னால் அந்தச் ‘சும்மா’வைப் போடாதீர்கள். வாங்குகிறவர் அதை அப்படியே நம்பி, அலட்சியமாகப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஃப்ரீரெனைக் கொடுத்தால் ஓரத்தில் இருக்கும் அந்த ஆண்டுக்கணக்கைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் சேராதவர்கள் யார் என்று படித்து முடித்தபின் கேளுங்கள். நல்ல சண்டையாக வரும்.