யுனைடெட்டுக்கு உரம் போதவில்லையா?

மான்செஸ்டர் யுனைடெட் 2024-25 பிரீமியர் லீக் பருவத்தை 42 புள்ளிகளுடன் 15ஆம் இடத்தில் முடித்தது. ஆடிய 38 ஆட்டங்களில் 18 தோல்வி. அதில் 9 தோல்விகள் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டிலேயே. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அந்தக் கிளப் இவ்வளவு கீழே போனதில்லை. பருவத்தின் நடுவே, ஜனவரியில் பிரைட்டனிடம் 3-1 என்று தோற்ற பிறகு, பயிற்சியாளர் ரூபன் அமோரிமே இது கிளப்பின் வரலாற்றிலேயே மோசமான அணியாக இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். காரணம் தேடியவர்கள் பலர் முதலில் எட்டிய விடை ஒன்றுதான்: பையன்களுக்கு உடலில் உரம் இல்லை, முட்டிமோதத் துணிவில்லை. ராய் கீனும் நெமான்யா விடிச்சும் நின்ற இடத்தில் இப்போது தோளில் இடித்தாலே விலகி வழிவிடுகிறவர்கள் நிற்கிறார்கள் என்ற புலம்பல் வாராவாரம் கேட்டது. அந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் சொல்பவர்கள் விரல் நீட்டும் இடத்தில் அந்தப் பாதி இல்லை.

குற்றச்சாட்டுக்கு வலுவான சான்று 2024 டிசம்பர் மாதம். 4ஆம் தேதி ஆர்சனல் 2-0 என்று வென்றது. இரண்டு கோல்களும் கார்னரிலிருந்து வந்தவை. மூன்று நாள் கழித்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்து, இரண்டாவது நிமிடத்திலேயே கார்னரில் மிலென்கோவிச் தலையால் முட்டிப் போட்ட கோலோடு தொடங்கி, 3-2 என்று வென்று போனது. 22ஆம் தேதி போர்ன்மத் ஃப்ரீகிக்கில் தலையால் முதல் கோலைப் போட்டு 3-0 என்று முடித்தது. 26ஆம் தேதி உல்வ்ஸ் அணியின் மத்தேயுஸ் குன்யா அடித்த கார்னர் யார்மீதும் படாமல் நேரே வலைக்குள் போனது. 30ஆம் தேதி நியூகாசிலின் இசாக்கும் ஜோலிண்டனும் ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் ஆளுக்கொரு கோல், இரண்டுமே தலையால். ஒரு மாதத்தில் இத்தனை முறை காற்றில் வந்த பந்துக்குத் தோற்ற அணியைப் பார்த்து உடல்வலு இல்லை என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் வசவு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த அணி குட்டையர்களின் கூட்டமல்ல. ஹாரி மகுவயர் 1.94 மீட்டர், ஸிர்க்ஸி 1.93, ஹொய்லுண்டு 1.91, தெ லிக்ட் 1.89. ஆள் பிடித்து நிற்பதற்கு இதைவிட உயரமான கூட்டத்தைத் திரட்டுவது கடினம். கார்னரில் கோல் விழுவது பெரும்பாலும் தோள்பலத்தால் அல்ல. யார் எந்த இடத்தைக் காப்பது, யார் யாரைப் பின்தொடர்வது, கோல்கீப்பருக்கு வழிமறிக்கும் எதிராளியை யார் விலக்குவது என்ற ஏற்பாட்டின் குறையால் விழுகிறது. எரிக் டென் ஹாக் அக்டோபர் 28இல் நீக்கப்பட்டு, நவம்பரில் வந்து சேர்ந்தவர் அமோரிம். யூரோப்பா லீக்கும் லீகும் மாறி மாறி மூன்று நான்கு நாளுக்கு ஓர் ஆட்டம் என்று துரத்திய காலத்தில், பழகாத மூன்று தற்காப்பாளர் அமைப்பையும் அதற்கேற்ற கார்னர் ஒழுங்கையும் பயிற்சித் திடலில் ஊன்ற அவருக்கு நாள் கிடைக்கவில்லை. உயரத்தை அளவுகோலாகப் பிடிப்பவர்கள் லிசாண்ட்ரோ மார்த்தினெஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1.75 மீட்டர் உயரமுள்ள அந்த நடுத் தற்காப்பாளர், 2022 ஆகஸ்டில் பிரென்ட்ஃபோர்டிடம் அணி 4-0 என்று தோற்றபோது, இங்கிலாந்தில் நிலைக்கவே முடியாது என்று கேலிக்கு ஆளானார். அதே பருவத்தில் முட்டிமோதலுக்குப் பெயர்போனவராக ரசிகர்களின் செல்லப்பிள்ளையானதும் அவரே. சில மாதங்களில் யாரும் வளர்ந்துவிடுவதில்லை. அவரைச் சுற்றியிருந்த அணி மாறியது, அவ்வளவுதான்.

இந்த வழக்கின் உயிர்நிலை நியூகாசில் ஆட்டம். அன்று யுகார்த்தே, புரூனோ ஃபெர்னாண்டஸ் இருவருக்கும் தடை. ஆகவே நடுக்களத்தில் காசெமிரோவும் எரிக்சனும். இருவருமே 1992 பிப்ரவரியில் பிறந்து 33ஐ நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். எதிரே தொனாலி, புரூனோ கிமராயிஸ், ஜோலிண்டன் என்று மூவர். பார்ப்பவர் கண்ணுக்கு அது வலியவர் எளியவரை நசுக்கிய ஆட்டம். ஆனால் 33ஆம் நிமிடத்தில் அமோரிம் ஸிர்க்ஸியை வெளியே அழைத்து, பத்தொன்பது வயது மைனூவை மூன்றாவது நடுக்கள வீரராக இறக்கினார். அதன்பின் நியூகாசில் ஒரு கோலும் போடவில்லை. அந்த மாற்றத்தால் எவருக்கும் புதிதாகத் தசை முளைக்கவில்லை, நெஞ்சுரமும் கூடவில்லை. இருவர் மூவரைச் சமாளித்த கணக்கு சரிசெய்யப்பட்டது.

குற்றச்சாட்டின் உண்மையான பாதி கால்களில் இருக்கிறது. மோதும் வலு வேறு. தொண்ணூறு நிமிடமும் திடலின் அகலத்தை ஓடி மூடும் வலு வேறு. காசெமிரோவுக்கு முதலாவது என்றைக்கும் குறைந்ததில்லை. 2022இல் ரியால் மாட்ரிட்டிலிருந்து முப்பது வயதில் அவரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியதே அணிக்கு முரட்டுத்தனம் சேர்க்கத்தான். முதல் பருவத்தில் அது பலித்தது, 2023இல் லீக் கோப்பையும் கிடைத்தது. ஆனால் ஆளை எட்டிவிட்டால்தான் மோத முடியும். எட்டுவதற்குக் கால் வேண்டும். 2024இல் பாரிஸிலிருந்து வந்த யுகார்த்தேயும் பந்தைப் பறிக்கும் திறனுக்காக வாங்கப்பட்டவர். பறித்த பந்தை முன்னோக்கி நகர்த்துவதில் அவருக்கு அந்தத் தேர்ச்சி இல்லை. ஆக, உரம் இல்லை என்ற நோய்க்குறிப்பை வைத்துக்கொண்டு கிளப் இரண்டு முறை மருந்து வாங்கியாயிற்று. இதற்கு மேல், அமோரிமின் அமைப்பு விங்பேக்குகளை ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஓடச் சொல்வது. லூக் ஷா பெரும்பாலும் காயத்தில். லெச்சேயிலிருந்து டோர்கு வந்தது ஜனவரி மாற்றுக் காலத்தின் முடிவில்தான். அதுவரை அந்த இடங்களில் ஒட்டுப்போட்டே ஓட்டினார்கள்.

மன உறுதியைச் சந்தேகிப்பவர்களுக்கு வேறு சில ஆட்டங்கள் பதில் சொல்லும். டிசம்பர் 15இல் எதிஹாட் அரங்கில் 88ஆம் நிமிடம் வரை பின்தங்கியிருந்து மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று கவிழ்த்தது இதே அணி. ஜனவரி 5இல் ஆன்ஃபீல்டில் லிவர்பூலோடு 2-2. ஒரு வாரம் கழித்து எஃப்.ஏ. கோப்பையில், டாலோ சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய 61ஆம் நிமிடத்திலிருந்து கூடுதல் நேரம் முடியும் வரை பத்துப் பேரோடு ஆர்சனலைத் தாக்குப்பிடித்து, பெனால்டியில் வென்றது. ஏப்ரலில் லியோனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 4-2 என்று பின்தங்கி, கடைசிச் சில நிமிடங்களில் மூன்று கோல் போட்டு 5-4 என்று மீண்டது. (லியோன் அப்போது பத்துப் பேரோடு ஆடியது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.)

இதற்கு வலுவான மறுப்பு உண்டு: பெரிய மேடையில் எவரும் உணர்ச்சிவசப்பட்டு ஓடுவார்கள், குளிர்கால வாரநாளில் நடுத்தர அணியோடு ஆடும்போதுதான் உரம் தெரியும். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த இரண்டு வகை ஆட்டங்களிலும் மாறியது மனநிலை மட்டுமல்ல. சிட்டியிடமும் ஆர்சனலிடமும் யுனைடெட் பின்னுக்கு ஒடுங்கி, வீரர்களுக்கிடையே இடைவெளி விடாமல் நின்றது. அங்கே ஓட வேண்டிய தூரம் குறைவு. ஓல்டு டிராஃபோர்டில் கிரிஸ்டல் பேலஸோ வெஸ்ட் ஹாமோ வரும்போது பந்தை வைத்து ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு யுனைடெட்டுடையது. அப்போது அணி விரிகிறது. பந்து பறிபோனதும் முதுகுக்குப் பின்னால் வெட்டவெளி. பேலஸிடம் 2-0, வெஸ்ட் ஹாமிடம் 2-0, உல்வ்ஸிடம் 1-0 என்று சொந்த மண்ணில் வந்த தோல்விகளை மனஉறுதிக் குறைவு என்பதைவிட இந்த இடைவெளி நன்றாக விளக்குகிறது.

உரத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் தற்காப்பையே சுற்றுகிறது. 38 ஆட்டங்களில் இந்த அணி போட்டது 44 கோல் என்பதை அது மறக்கடித்துவிடுகிறது. நடு முன்கள வீரர்களான ஹொய்லுண்டும் ஸிர்க்ஸியும் லீகில் இருவருமாகச் சேர்ந்து 7 கோல். முதல் கோல் வாங்கினால் திருப்பிப் போடத் தெம்பில்லாத அணியின் ஒவ்வொரு கார்னர் பிழையும் தோல்வியாகவே முடியும். மே 21இல் பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டம் இதன் சுருக்கம். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நேரம் பந்து யுனைடெட்டிடம் இருந்தும் டாட்டன்ஹாம் 1-0 என்று வென்றது. ஹொய்லுண்டு தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டருகே தாவி உதைத்து வெளியேற்றினார் வான் தெ வென். அன்று இரவு டாட்டன்ஹாமின் உரம் புகழப்பட்டது. அதே டாட்டன்ஹாம் அந்தப் பருவத்தின் பிரீமியர் லீகில் 22 ஆட்டங்களில் தோற்று, யுனைடெட்டுக்கும் கீழே 17ஆம் இடத்தில் முடித்தது. வென்ற இரவில் உரமுள்ள அணி, தோற்ற 22 ஆட்டங்களில் உரமற்ற அணி என்று முடிவைப் பார்த்துக் காரணம் சொல்லும் வழக்கத்தால் எந்தப் பயிற்சியாளருக்கும் உதவியில்லை.

பழைய அணிகளைப் பற்றிய ஏக்கமும் அரைகுறை நினைவு. முன்னாள் பயிற்சியாளர் ஃபெர்குசனின் 2008 ஐரோப்பியச் சாம்பியன் அணியில் விடிச் மட்டும் இல்லை. நடுக்களத்தில் உருவத்தில் சிறிய பால் ஸ்கோல்ஸும் இருந்தார், அவருக்காக ஓடக்கூடியவர்களும் இருந்தார்கள்.

தோற்ற பருவத்துக்குப் பின், 2025 கோடையில் கிளப் குன்யா, எம்பியூமோ, ஷெஷ்கோ என்று மூன்று தாக்குதல் வீரர்களுக்கு இருபது கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டது. லாமன்ஸ் என்ற புதிய கோல்கீப்பரையும் கொண்டுவந்தது. கோல் பஞ்சத்தைச் சரியாகக் கண்டுகொண்ட முடிவு அது. ஆனால் உரக்குறை என்ற குற்றச்சாட்டு உண்மையாக இருந்த ஒரே இடமான நடுக்களத்துக்கு, அந்தக் கோடையில் ஒருவரைக்கூட வாங்கவில்லை.