பதினோராவது அட்டை

பினாங்கின் கெலுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சுங்கை டுவா பக்கம் ஆய்வேடு அச்சடித்து பைண்டிங் போட்டுத் தரும் ஃபோட்டோஸ்டேட் கடைகள் உண்டு. அப்படிப்பட்ட கடைகளின் பழைய கணினியில் எக்செல் மட்டும் இருந்தாலே போதும், தாளை எப்படி வெட்டுவது என்று காட்டும் ஓர் அருமையான வெட்டுப்படம் போட்டுவிடலாம்.

மலேசியாவில் வழக்கமான பெயரட்டை 90-க்கு 54 மில்லிமீட்டர். ஏ4 தாள் 210-க்கு 297. கைப்பழக்கத்தில் ஒரு தாளுக்குப் பத்து அட்டை வைப்பார்கள்: குறுக்கே இரண்டு, கீழ்நோக்கி ஐந்து. எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தால் ஒன்பதுதான் தேறும்.

இப்போது எக்செலில் ஒரு சதுரக் கட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அளவுமே மூன்றால் மீதியின்றி வகுபடுகின்றன. தாள் 70-க்கு 99 கட்டம். அட்டை 30-க்கு 18. இடப்பக்கம் படுத்த அட்டைகள் ஐந்து, ஒரே வரிசையாக. அதை ஒட்டி நிமிர்ந்த அட்டைகள் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. அகலம் 30, 18, 18, ஆக 66. அடங்கிவிட்டது, மொத்தம் பதினொன்று! உயரத்தைக் கவனியுங்கள்: ஐந்து பதினெட்டும் 90, மூன்று முப்பதும் 90. மூன்று வரிசையும் அடியில் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. வண்ணம் நிரப்பிப் பார்த்தால் கோலத்தில் கடைசிப் புள்ளி சேர்ந்தது போலிருக்கும்.

இந்தக் கணக்குக்குப் பெரிய வம்சாவளி உண்டு. 1939இல் லெனின்கிராடின் கணிதவியலாளர் கந்தரோவிச் கழிவு குறைய வெட்டுவதைக் கணிதமாக்கினார். 1961இல் கணிதவியலாளர்கள் கில்மோரும் கொமோரியும் காகிதச் சுருளுக்கு அதை வளர்த்தார்கள். அந்தக் கணிதம் வருமுன்பே, கெலுகோருக்கு அடுத்த ஜெலுத்தோங்கில் மலாய் எழுத்தாளர் சையத் ஷெய்க் அல்-ஹாடி அச்சகம் தொடங்கியது 1927இல். அந்தக் கால அச்சகங்களில் தாளை மடித்து பென்சிலால் எண் போட்டதுதான் வரைபடம்.

திரையில் எதையும் வரையலாம். நான்கு செவ்வகங்களைக் காற்றாடி இறக்கைபோல நடுவில் ஓட்டை விட்டு அடுக்கினால் பார்க்க அழகுதான். ஆனால் கட்டிங் மெஷினின் கத்தி ஓரத்திலிருந்து ஓரம்வரை இறங்கும். பாதி வழியில் நிற்காது. காற்றாடியை அது இரண்டாக அறுத்துவிடும். கத்தியை மறந்த படத்துக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். நமது பதினொன்று அந்தச் சோதனையில் தேறுகிறது: முதல் வெட்டு 30-ஆம் கட்டத்தில், இரண்டு கட்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

இடறுவது வேறிடத்தில். தாளின் நார் பொதுவாக நீளவாக்கில் ஓடும். ஆகவே நிமிர்ந்த ஆறு அட்டைகளில் நார் நெடுக்கே, படுத்த ஐந்தில் குறுக்கே. நுனியைப் பிடித்து ஆட்டினால் ஆறும் விறைப்பாக நிற்கும், ஐந்தும் சற்றுத் துவளும். ஒரே பெட்டியில் இரண்டு குணம். பின்னணி நிறம் விளிம்புவரை போகிற அட்டையென்றால் கதையே வேறு. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், அகலம் 216 ஆகித் தாளை மீறிவிடும். வெள்ளைப் பின்னணிக்கு மட்டுமே இந்த வித்தை.

இன்னொரு வேடிக்கை. பெட்டிக்கு 100 அட்டை என்றால், தாளுக்குப் பத்து வைத்தாலும் பதினொன்று வைத்தாலும் பத்துத் தாள்தான் செலவு. கத்திக்காரருக்குத்தான் கட்டைத் திருப்பும் வேலை கூடுகிறது. அவர் முகம் சுளித்தால் நியாயமே. ஆனால் ஆயிரம் அட்டை கேட்டு யாராவது வந்தால், 100 தாளுக்குப் பதில் 91 போதும்.